கொமோடோ உடும்பைப் பார்க்கப் போகிறீர்களா, மெதுவான படகில் போங்கள்

இந்தோனேசியாவில் லாபுவான் பாஜோ என்ற ஊரில் கிளம்பி, இரண்டு ராத்திரி படகிலேயே தங்கி, கொமோடோ, ரிஞ்சா, பாடார் தீவுகளைச் சுற்றி வரும் பயணத்தைப் பற்றி எழுதுகிறேன். சேலத்தில் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக போன் பண்ணிக் கேட்கிறார்கள், எல்லோருக்கும் சேர்த்து ஒரே தடவையாக எழுதிவிடலாம் என்று தோன்றியது. என் மதிப்பெண் ஐந்துக்கு நாலரை. கொடுத்த காசுக்கு மேலேயே கிடைத்தது. ஆனால் அந்த நாலரை மரப்படகில் தங்கிப் போகிற பயணத்துக்கு மட்டும்தான். அதே தீவுகளை ஒரே பகலில் ஸ்பீட் போட்டில் காட்டிவிட்டுக் கூட்டி வருகிற பயணமும் அங்கே உண்டு. அதற்கு ஒன்றரைக்கு மேல் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

என் மச்சான் குடும்பம் எங்களுக்கு முன்னால் அப்படித்தான் போய் வந்தது. சேலத்தில் ஒரு டிராவல்ஸில் பாலி பேக்கேஜ் எடுத்தார்கள், அதோடு கொமோடோவுக்கு ஒரு நாளைச் சேர்த்துக் கொடுத்தார்கள். ஒரே நாளில் ஆறு இடம். விடியற்காலையில் ஏற்றி, பாடார் மலையை ஏறி இறங்க வைத்து, கடற்கரையில் குளிக்கவிட்டு, உடும்பு இருக்கிற தீவில் இறக்கும்போது உச்சி வெயில். இந்த உடும்பு காலை வெயிலில் உடம்பைச் சூடேற்றிக்கொண்டு நடமாடும், வெயில் ஏறினால் நிழல் பார்த்துப் படுத்துவிடும். அதனால் அவர்கள் பார்த்தது மரத்தடியில் அசையாமல் கிடந்த இரண்டு உடும்பும், அவற்றைச் சுற்றி செல்போனைத் தூக்கிப் பிடித்த ஒரு பெரிய கூட்டமும்தான். கொஞ்ச நேரத்தில் விசில் அடித்துப் படகுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். ஊருக்கு வந்து டிராவல்ஸில் கேட்டதற்கு, "உடும்பு தூங்கினா நாங்க என்ன சார் பண்றது?" என்றார்களாம். அது தூங்குகிற நேரமாகப் பார்த்துக் கொண்டுபோய் விட்டவர்கள் சொல்லக்கூடிய பதிலா இது? அவ்வளவு தூரம், அவ்வளவு செலவு, பிள்ளைகள் அவ்வளவு ஆசையாகப் போனார்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை.

நாங்கள் போனது நான், மனைவி, ஏழாவது படிக்கும் மகள், அப்புறம் என் மாமனார். அவருக்கு ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் கொஞ்சம் காப்பித் தோட்டம் இருக்கிறது, சேர்வராயன் மலையில் உடும்பை சின்ன வயசிலிருந்து பார்த்து வளர்ந்தவர். கொமோடோ டிராகன் என்று பெயர் பெரிதாக இருந்தாலும் அதுவும் உடும்பு இனம்தான் என்று மகள் சொன்னதிலிருந்து அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை.

சேலத்துக்காரர்களுக்குப் பாதை சுலபம். சென்னைக்குப் போக வேண்டாம். தொப்பூர், கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாக பெங்களூரு விமான நிலையம் போய்விட்டால் அங்கிருந்து பாலிக்கு இண்டிகோ நேர் விமானம் இருக்கிறது. பாலியிலிருந்து லாபுவான் பாஜோவுக்கு உள்நாட்டு விமானம், ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. விசா அங்கே இறங்கியதும் வாங்கிக்கொள்ளலாம், ஐந்து லட்சம் ரூபியா. லட்சம் என்றதும் பயப்படாதீர்கள், நம் பணத்தில் மூவாயிரத்துக்கு உள்ளேதான். பாலிக்குள் நுழைய 2024-லிருந்து தனியாக ஒன்றரை லட்சம் ரூபியா வசூலிக்கிறார்கள், அதையும் கணக்கில் வையுங்கள். படகுக்கு ஒருவருக்கு 35 லட்சம் ரூபியா கொடுத்தோம், நம் கணக்கில் பத்தொன்பதாயிரம் ரூபாய் அளவில் வந்தது. சாப்பாடு, தங்கல், முக்குளிக்கும் கண்ணாடி எல்லாம் அதில் அடக்கம். தேசியப் பூங்கா கட்டணம் தனி. அது அடிக்கடி மாறுகிறது, அதனால் கிளம்புவதற்கு முன்னால் படகுக்காரரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். 2022-ல் இந்தக் கட்டணத்தை ஒரேயடியாக 37.5 லட்சம் ரூபியாவாக உயர்த்தப் போவதாக அறிவித்து, லாபுவான் பாஜோவில் படகுக்காரர்களும் வழிகாட்டிகளும் வேலைநிறுத்தம் செய்து, கடைசியில் அரசாங்கம் அதைக் கைவிட்டது.

படகின் பெயரை நான் எழுதவில்லை. அங்கே படகு கைமாறும், ஆட்கள் மாறுவார்கள், இன்று நன்றாக இருப்பது அடுத்த வருஷம் எப்படி இருக்கும் என்று என்னால் உத்தரவாதம் தர முடியாது. எதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று சொல்கிறேன். எத்தனை உயிர்காக்கும் ஜாக்கெட், குழந்தை அளவில் இருக்கிறதா, ரேடியோ வேலை செய்கிறதா, ராத்திரி ஓட்டுவார்களா அல்லது நங்கூரம் போட்டு நிறுத்துவார்களா, இதையெல்லாம் கேளுங்கள். முக்கியமாக, உடும்புத் தீவில் எத்தனை மணிக்கு இறக்குவீர்கள் என்று கேளுங்கள். இந்தக் கடைசிக் கேள்விக்குத் தெளிவாகப் பதில் சொன்ன ஒரே காரணத்துக்காகத்தான் நாங்கள் இந்தப் படகை எடுத்தோம். கேப்டன் தானாகவே சொன்னார், ராத்திரி கொமோடோ தீவுப் பக்கமே நிறுத்திவிட்டு, காலையில் முதல் ஆளாக இறக்கிவிடுகிறேன் என்று. சொன்னபடி செய்தார்.

படகு பினிசி வகை. தெற்கு சுலவேசியில் பரம்பரையாகக் கட்டுகிற பெரிய மரப்படகு, அந்தக் கட்டுமானக் கலையை யுனெஸ்கோ 2017-ல் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் எஞ்சின் சத்தம் கிணற்று மேட்டில் ஓடுகிற டீசல் பம்புசெட்டுக்குக் குறைந்ததில்லை, கீழ் அறையில் படுத்தால் தலைக்குள்ளேயே ஓடும். மேல்தட்டில் அறை கேளுங்கள். கழிப்பறை சின்னது, தண்ணீர் கொஞ்சமாகத்தான் வரும், நான் குறைத்த அரை மதிப்பெண் அதற்குத்தான். சாப்பாட்டில் குறையே சொல்ல முடியாது. மாமனார் சுத்த சைவம். முன்கூட்டியே சொல்லியிருந்தோம், அதனால் ஒவ்வொரு வேளையும் அவருக்கென்று தனியாக டெம்பே வறுவல், வள்ளைக்கீரைப் பொரியல், சோறு, மிளகாய் சம்பல் வந்தது. டெம்பே என்பது சோயாவைப் புளிக்க வைத்துக் கட்டியாக்கியது. சம்பலில் மட்டும் இறால் விழுது சேர்ப்பார்கள், சைவக்காரர்கள் அதையும் வேண்டாம் என்று தனியாகச் சொல்ல வேண்டும்.

முதல் நாள் சாயங்காலம் காலோங் என்ற தீவுக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். சதுப்புக்காடு. பொழுது சாய்ந்ததும் பழந்தின்னி வௌவால்கள் கிளம்ப ஆரம்பித்து, வானம் முழுக்க ஒரே திசையில் போய்க்கொண்டே இருந்தன, நன்றாக இருட்டும் வரை ஓயவில்லை. நல்ல காட்சிதான், ஆனால் நாங்கள் வந்தது வேறு ஒன்றுக்கு.

கொமோடோ தீவில் இறங்கும் இடம் லோ லியாங். அங்கே ரேஞ்சர் இல்லாமல் ஓர் அடி வைக்க முடியாது. இறங்கியதுமே பெண்களில் யாருக்காவது மாதவிலக்கா, யாருக்காவது ரத்தக் காயம் இருக்கிறதா என்று கேட்கிறார்கள். கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள், ரேஞ்சர் தன் பக்கத்திலேயே வைத்து நடத்திக் கூட்டிப் போவார். இந்த உடும்பு மோப்பம் பிடிப்பது நாக்கால். மஞ்சள் நிறத்தில் நீளமான இரட்டை நாக்கு, அதை நீட்டிக் காற்றைத் தொட்டு உள்ளே இழுத்து, மேலண்ணத்தில் இருக்கிற உறுப்பில் வைத்துப் பார்க்கும். காற்று சாதகமாக வீசினால் பல கிலோமீட்டர் தூரத்தில் செத்துக் கிடக்கிற மானைக்கூடக் கண்டுபிடித்துவிடும்.

நடைபாதையில் குறுகியது, நடுத்தரம், நீளமானது என்று வகை உண்டு. குறுகியதை எடுத்துவிடாதீர்கள், அது வாசலைச் சுற்றி வருகிற கணக்கு. நாங்கள் நடுத்தரம் எடுத்தோம். உள்ளே போகப் போக மாமனார் நின்று நின்று பார்த்தார். பனைமரம், புளியமரம், இலந்தை. அதே பனை, அதே புளி. காய்ந்த புல் மேடும் நடுவில் பனையுமாக, வேனில் காலத்தில் நம் பக்கத்துக் கரட்டைப் பார்ப்பது போலவேதான் இருந்தது. புளியம்பழம் உதிரும் இடங்களில் மான்கள் மேய வருமாம், மான் வருகிற இடத்தில் உடும்பு காத்துக் கிடக்குமாம். ரேஞ்சர் சொல்லி வாய் மூடுவதற்குள் கையைக் காட்டினார்.

எனக்கு முதலில் தெரியவேயில்லை. மண் நிறத்தில் மண்ணோடு மண்ணாக, சருகுமேல் வயிறு பதிய, ஒரு பெரிய ஆண் கிடந்தது. மூன்று மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு என்றார் ரேஞ்சர். நாங்கள் நின்ற இடத்திலிருந்து பைனாகுலரில் பார்த்தால் அதன் முகம் கைக்கெட்டும் தூரத்தில் வந்துவிட்டது. செதில்கள் மணி மணியாக, நெருக்கமாக, ஒவ்வொன்றுக்கும் நடுவில் மெல்லிய கோடு. செதிலுக்கு அடியில் சின்னச் சின்ன எலும்புகள் ஒரு கவசமாகப் பின்னிக் கிடக்கின்றன என்று மகள் சொன்னாள். கழுத்துத் தோல் மடிப்பு மடிப்பாகத் தொங்கியது. காதுக்குழிக்குப் பின்னால் பழைய தழும்பு. வாயோரத்தில் எச்சில் நூலாக இறங்கி சருகைத் தொட்டது. அந்த எச்சிலில் இருக்கிற அழுக்குக் கிருமிதான் கொல்லும் என்று நானும் படித்திருக்கிறேன், அது தவறு என்பது நிரூபணமாகி நாளாகிவிட்டது. கீழ்த்தாடையில் விஷச் சுரப்பிகள் இருப்பதை 2009-ல் கண்டுபிடித்தார்கள். ரத்தம் உறையாமல் செய்து, ரத்த அழுத்தத்தைக் குறைத்து, கடிபட்டதை ஓய்ந்துபோக வைக்கிறது. 2024-ல் இன்னொன்றும் வெளிவந்தது: பற்களின் நுனியிலும் அரம் போன்ற விளிம்பிலும் இரும்புச் சத்துப் பூச்சு இருக்கிறது.

அப்புறம் அது எழுந்தது. கால்களை ஊன்றி, வயிற்றைத் தரையிலிருந்து தூக்கி, ஒரு பக்கம் தோளும் மறுபக்கம் இடுப்பும் அசைய நடக்க ஆரம்பித்தது. சருகில் வால் இழுபடுகிற சத்தம் ஒன்றுதான் கேட்டது. நேராக எங்களைப் பார்த்து வரவில்லை, சாய்வாக வந்தது. ரேஞ்சர் கையில் இருந்தது ஒரு கவைக்கம்பு, அவ்வளவுதான். துப்பாக்கி கிடையாது. எங்களைப் பின்னால் தள்ளி, கம்பின் கவையை அதன் மூக்குக்கு முன்னால் தரையில் மெல்ல ஊன்றினார். அது நின்றது. நாக்கை நீட்டிக் கம்பைத் தொட்டது. திரும்பி வேறு பக்கம் போனது. மாமனார் என் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "மாப்பிள்ளை, நம்ம தோட்டத்து உடும்பு ஆளைப் பார்த்தா ஓடிப் பொந்துல நுழையும். இது நம்மள எண்ணிப் பார்த்துட்டுப் போகுது."

இந்த ரேஞ்சர்களுக்காகவே நான் இந்தப் பயணத்தைச் சிபாரிசு செய்வேன். எங்களுக்கு வந்தவர் பக்கத்துக் கொமோடோ கிராமத்துக்காரர். அந்த ஊர்க்காரர்கள் ஒரு பழங்கதை சொல்கிறார்கள்: ஓர் இளவரசிக்கு இரட்டைக் குழந்தை பிறந்தது, ஒன்று மனிதப் பையன், இன்னொன்று உடும்புப் பெண், அதனால் இது நமக்கு உடன்பிறப்பு என்று. அவர் அதைச் சுற்றுலாப் பயணிகளுக்குச் சொல்கிற கதையாகச் சொல்லவில்லை. எங்கள் பின்னால் வந்த இன்னொரு குழுவில் ஒருவர் உடும்பை நடக்க வைக்கச் சொல்லி நச்சரித்தார், கல்லெடுத்துப் போடட்டுமா என்று சைகை காட்டினார். ரேஞ்சர் குரலை உயர்த்தவேயில்லை, அந்தக் குழு முழுவதையும் இருபது அடி பின்னால் நிற்க வைத்துவிட்டார். கிட்டே பார்க்க வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் உண்டு, எனக்கும் உண்டு, ஆனால் எவ்வளவு கிட்டே என்பதை அந்த மிருகத்தை அறிந்தவர் முடிவு செய்யட்டும். உடும்புக்குப் பின்னால் உட்கார்ந்து எடுத்த மாதிரி படங்கள் பார்த்திருப்பீர்கள், உடும்பு யானை அளவில் தெரியும். ரேஞ்சரே போனை வாங்கித் தரையோடு வைத்து எடுத்துத் தருவார். ஆள் நிற்பது பல மீட்டர் தள்ளி. படத்தைப் பார்த்து, போனால் தொட்டுவிடலாம் என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள்.

திரும்பும் வழியில் ஒரு மண்மேடு காட்டினார். காட்டுக்கோழி வகை ஒன்று சருகும் மண்ணும் குவித்துக் கட்டுவது, அதை உடும்பு பிடித்துக்கொண்டு செப்டம்பர் வாக்கில் முட்டையிடும், சுமார் இருபது. ஏழெட்டு மாசம் கழித்துப் பொரிக்கும். பொரித்த குஞ்சுகள் நேராக மரத்தில் ஏறிவிடும், ஏனென்றால் பெரிய உடும்புகளே அவற்றைத் தின்றுவிடும். மகள் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தாள். குஞ்சு கிடைக்கவில்லை, மஞ்சள் கொண்டை காக்கட்டூ ஒரு ஜோடி கிடைத்தது. கூண்டுப் பறவை வியாபாரத்தால் மற்ற தீவுகளில் கிட்டத்தட்ட துடைத்தெடுக்கப்பட்ட பறவை அது, இங்கே பனைமரத்தில் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தது.

இந்த உடும்புகள் காட்டில் மூவாயிரம் அளவில்தான் இருக்கின்றன. 2021-ல் அழியும் ஆபத்தில் இருக்கும் இனமாகப் பட்டியலை மாற்றினார்கள். கடல் மட்டமும் வெப்பமும் ஏறுவதால் அடுத்த 45 வருஷத்தில் அவை வாழத் தோதான இடத்தில் 30 சதவீதமாவது போய்விடும் என்பது கணிப்பு. தாழ்வான பள்ளத்தாக்குகளில் வாழ்கிறவை, ஏறிப் போக வேறு இடம் இல்லை. இதைச் சொல்லும்போது நம் ஊரையும் சொல்லியாக வேண்டும். நம் உடும்புக்கும் சட்டத்தில் புலிக்குக் கொடுத்த அதே முதல் அட்டவணைப் பாதுகாப்பு இருக்கிறது. அப்படியும் கறிக்கும் எண்ணெய்க்கும் பிடிக்கிறார்கள். மாமனார் தோட்டத்தில் வேலைக்கு வருகிறவர்களிடம் இதைப் பற்றி முன்பும் சொல்லுவார், இப்போது போனில் படம் காட்டிச் சொல்கிறார்.

மற்ற இடங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பாடார் மலை உச்சியிலிருந்து மூன்று வளைவுக் கடற்கரை தெரியும், விடியும்போது ஏறுங்கள், படிக்கட்டு இருக்கிறது, ஆனால் ஒரே சமயத்தில் பல படகுக் கூட்டமும் ஏறும். இளஞ்சிவப்புக் கடற்கரை படத்தில் காட்டுகிற அளவு சிவப்பு இல்லை, கையில் அள்ளிப் பார்த்தால்தான் வெள்ளை மணலோடு கலந்த சிவப்புத் துகள் தெரியும், கடலடி நுண்ணுயிர்களின் ஓடு அது. ரிஞ்சாவில் லோ புவாயாவில் உயரமான நடைமேடை கட்டிவிட்டார்கள், முழங்கால் வலிக்காரர்களுக்கு நல்லது, ஆனால் தரையில் நடந்து பார்த்த பிறகு எனக்கு அது ஒட்டவில்லை.

மாண்டா திருக்கை மட்டும் இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். கராங் மகாசார் என்ற இடத்தில் நீரோட்டம் வேகமாக ஓடும். பசிபிக் தண்ணீர் இந்தியப் பெருங்கடலுக்கு இந்தத் தீவுச் சந்துகள் வழியாகவும் பாய்கிறது, அது சுமந்து வருகிற மிதவை உயிரிகளைத் தின்ன மாண்டாக்கள் வருகின்றன. என் மனைவிக்கு நீச்சல் தெரியாது. ஜாக்கெட் போட்டு, மிதவை வளையத்தைப் பிடிக்க வைத்து, படகு ஊழியர் ஒருவர் கூடவே நீந்தினார். கீழே மூன்று மீட்டர் அகலத்தில் ஒன்று சிறகடித்துப் போனதைப் பார்த்துவிட்டுத் தண்ணீருக்குள்ளேயே ஏதோ கத்தினாள், குழாய் வழியாகச் சத்தம் மட்டும் வந்தது. மாண்டாவுக்கு வாலில் கொட்டுகிற முள் கிடையாது. இந்தோனேசியாவில் 2014-லிருந்து அதைப் பிடிக்கவே தடை. தொடக்கூடாது, துரத்தக்கூடாது, நாம் சும்மா மிதந்தால் அதுவே வரும்.

எப்போது போகலாம் என்றால், ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் வரை, அல்லது செப்டம்பர் முதல் நவம்பர் வரை. ஜூலை, ஆகஸ்ட் இனச்சேர்க்கைக் காலம், உடும்புகள் காட்டுக்குள் போய்விடுவதால் குறைவாகத்தான் தென்படும் என்றார் ரேஞ்சர். டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை மழையும் அலையும். நம் பொங்கல் லீவு அதில் விழுகிறது, லீவு கிடைக்கிறதே என்று அப்போது போட்டுவிடாதீர்கள். வானிலை சரியில்லை என்று துறைமுகத்தில் அனுமதி மறுத்தால் கேப்டனோடு சண்டை போடாமல் கரையிலேயே இருங்கள், அந்தக் கடலில் படகு கவிழ்ந்து உயிர் போயிருக்கிறது. பாலிக்குத் திரும்பும் விமானத்துக்கு ஒரு நாள் இடைவெளி விட்டு டிக்கெட் எடுங்கள்.

குழந்தையைக் கூட்டிப் போகலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். சொன்ன பேச்சுக் கேட்டு வரிசையில் நடக்கிற வயசு என்றால் போகலாம், என் மகள் வயசு சரியாக இருந்தது. 2007-ல் கொமோடோ கிராமத்து எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் உடும்பு தாக்கி இறந்திருக்கிறான், ஊர்க்காரர்களே ஜாக்கிரதையாக இருக்கும் இடம் அது. ரேஞ்சருக்கு அடுத்து ஒரு பெரியவர், நடுவில் குழந்தை, பின்னால் இன்னொரு பெரியவர், இந்த வரிசையைக் கலைக்காதீர்கள். இரண்டு மூன்று வயசுக் குழந்தை என்றால் இன்னும் சில வருஷம் பொறுங்கள். அதுவரை பைனாகுலர் ஒன்று வாங்கிக் கொடுத்து ஏற்காட்டில் நடக்கப் பழக்குங்கள்.